கிணற்றில் டீசல் மணம்: பரவொட்சைட் ஊற்றினால் போகுமா?

கிணற்றுத் தண்ணியில் டீசல் மணம் வருகிறது, பிளீச்சிங் பவுடரோ ஐதரசன் பரவொட்சைட்டோ ஊற்றினால் எண்ணெய் போய்விடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். யாழ்ப்பாணத்து வலிகாமப் பக்கம்தான் என்று நினைக்கிறேன். தயவுசெய்து ஒன்றும் ஊற்றாதீர்கள். சுன்னாகத்தில் கிணறுகளுக்குள் எண்ணெய் கண்டு சனம் பவுசர் தண்ணிக்குக் காத்திருந்த காலத்திலும் இப்படித்தான் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள்.

பிளீச்சிங் கிருமியைக் கொல்லும், எண்ணெயை உடைக்காது. சேதனப் பொருள், அதாவது எண்ணெய், சாயம் போன்ற காபன் சேர்வைகள், உள்ள தண்ணியில் குளோரீன் போட்டால் குளோரோபோம் போன்ற வேண்டாத சேர்வைகள் உண்டாகும்.

பரவொட்சைட் தனியே மந்தமானது. பெரசு உப்பு என்கிற இரும்பு உப்பைச் சேர்த்து, அமிலம் விட்டு பீஎச் 3 அளவில் வைத்தால்தான் ஐதரொட்சைல் மூலிகம் என்ற, எதனோடும் உடனே தாக்கம் புரிகிற துணிக்கை நன்றாகப் பிறக்கும். 1894இல் பென்டன் அறிவித்த தாக்கம் இது. அந்த மூலிகம் அனேகமாக எந்தச் சேதனத்தையும் விடாது. உயர்தர வகுப்பில் இதைச் செய்து காட்டியிருக்கிறேன். காய்ச்சி வடித்த நீரில் மெதிலீன் நீலச் சாயம், துளி அமிலம், பெரசு சல்பேற்று, பிறகு பரவொட்சைட்: பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கவே நீலம் வெளுத்துவிடும். அதையே எங்கள் வளவுக் கிணற்றுத் தண்ணியில் செய்தோம். அதேயளவு அமிலம் விட்டும் அமிலத்தைக் காட்டுகிற பாசிச்சாயத்தாள் சிவக்கவில்லை. இரும்பு செம்மண் நிறத்தில் அடியில் படிந்தது, நீலம் பெரும்பாலும் அப்படியே நின்றது. சுண்ணாம்புக்கல்லில் ஊறிய தண்ணி அல்லவா? அதில் கரைந்துள்ள இருகாபனேற்று என்ற உப்பு அமிலத்தையும் விழுங்கும், பிறக்கிற மூலிகத்தையும் விழுங்கும். "அப்ப சேர், ஒரு கிணத்துக்கு எவ்வளவு அமிலம் ஊத்தோணும்?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். இப்போது வகுப்பில் அப்படிக் கேட்கவே இடமில்லை. ரியூசனில் குறிப்பெழுதி, பழைய வினாத்தாள் செய்தால் போதும் என்று பெற்றோரே சொல்கிறார்கள். ஆய்வுகூடம் பூட்டிக் கிடக்கிறது. மனம் நோகிறது.

நிலத்தடி நீரையே இப்படி இரசாயனத்தால் ஒட்சியேற்றித் துப்புரவாக்குகிறார்களே என்று படித்தவர்கள் கேட்கலாம். உண்மை. துளையிட்டு, அளந்து செலுத்தி, தொடர்ந்து மாதிரி எடுத்துச் செய்கிற வேலை அது. சாயக் கழிவுநீருக்கும் பென்டன் முறை அருமையானது, தாங்கியில் வைத்துச் செய்தால். குடிக்கிற கிணற்றுக்குள் வாளியால் ஊற்றுவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

இப்போதைக்குக் குடிக்கவும் சமைக்கவும் வேறு தண்ணி எடுங்கள். கொதிக்கவைத்துச் சமாளிக்கப் பார்க்க வேண்டாம். பி.எச்.ஐ.யிடம் (பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம்) சொல்லி, கண்ணாடிப் போத்தலில் மாதிரி கொடுங்கள். பிளாஸ்டிக்கில் எண்ணெய் ஒட்டிவிடும். அயல் கிணறுகளையும் சேர்த்துப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். கசிவு எங்கிருந்து என்று பிடிக்காமல் உங்கள் கிணற்றை மட்டும் இறைத்துப் பயனில்லை.