பெட்டியைப் பிரிப்பது: கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

அமெரிக்காவில், கனெக்டிகட் மாநிலத்தில் வேலை பார்க்கிறேன். இங்கே பழைய துப்பாக்கி சேகரிப்பவர்கள் நிறைய. எனக்குத் துப்பாக்கியில் ஆசை இல்லை. அவற்றைச் செய்த ஆலைகளில் அளவு பார்க்க வைத்திருந்த கேஜ்களையும் மாதிரிப் பாகங்களையும்தான் தேடி வாங்குகிறேன். 19ஆம் நூற்றாண்டுச் சரக்கு அபூர்வமாகத்தான் கண்ணில் படும். சமீபத்தில் ஒரு வியாபாரியிடம் மரப்பெட்டியோடு முழு செட் ஒன்றைப் பார்த்தேன். மொத்தமாக வாங்கக் கட்டுப்படியாகாது. தனித்தனியாகவும் தருகிறேன் என்கிறார். அழகான நாலைந்தை மட்டும் எடுத்து, துருவைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, கண்ணாடிச் சட்டத்தில் மாட்ட நினைக்கிறேன். சொல்கிற விலை நியாயமா? கொலைக்கருவியின் மிச்சத்தை ஏன் வீட்டில் வைக்கவேண்டும் என்று மனைவி கேட்கிறாள். அதற்கு என்ன சொல்வீர்கள்?

ர.

அன்புள்ள ர.,

கொஞ்ச நாளாக ஜான் ஹால் என்ற மனிதரைப் பற்றியே படித்துக்கொண்டிருக்கிறேன். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது. இல்லாவிட்டால் இரண்டு வரியில் முடித்திருப்பேன்.

உங்கள் மனைவி கேட்டது நியாயமான கேள்வி. அதை அவரோடு உட்கார்ந்து பேசுங்கள். என்னிடம் ஒரு தீர்ப்பை எழுதி வாங்கி அவர் முன்னால் நீட்டாதீர்கள். விலை விஷயம் எனக்கு வேண்டாம். அந்தக் கண்ணாடிச் சட்டத்துக்கு வருகிறேன். படித்ததும் கோபம்தான் வந்தது.

எலி விட்னி உங்கள் நியூ ஹேவனில் ஆலை வைத்திருந்தவர். இரண்டே வருடத்தில் 10,000 மஸ்கெட் (நீளக்குழல் துப்பாக்கி) செய்து தருவதாக 1798இல் அரசோடு ஒப்பந்தம் போட்டார். முழுக்கக் கொடுத்து முடிக்க 1809 ஆயிற்று. இடையில் 1801இல் வாஷிங்டன் போய், அதிபர் ஜான் ஆடம்ஸ், அடுத்து அதிபரான ஜெபர்சன் முன்னால், தன் துப்பாக்கியின் லாக்குகள், அதாவது சுடும் பொறிகள், ஒன்றுக்குப் பதில் ஒன்று பொருந்தும் என்று செய்துகாட்டினார். ஒரே அச்சாகப் பாகங்கள் செய்யும் முறைக்கே அவர்தான் தந்தை என்று பாடப்புத்தகங்கள் வெகுகாலம் எழுதின. அந்தக் கதை எப்படிக் கலைந்தது தெரியுமா? மிஞ்சியிருந்த விட்னி துப்பாக்கிகளை ஆராய்ச்சியாளர்கள் பிரித்துப் பார்த்தார்கள். பாகங்கள் மாற்றிப் போட்டால் பொருந்தவில்லை. இது இன்ன துப்பாக்கிக்கு உரியது என்று பாகங்களில் தனிக்குறி வேறு இருந்தது. எதுவும் எதிலும் பொருந்துமென்றால் குறி எதற்கு? உங்களைப் போல ஆசையுள்ள ஒருவர் அதற்கு முன்பே அவற்றை எமரித் தாளால் தேய்த்துப் பளபளவென்று ஆக்கியிருந்தால், இன்றைக்கும் நாம் அந்தக் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருப்போம்.

நிஜமாகவே செய்தவர் ஹால். மெய்ன் மாநிலத்து போர்ட்லாந்துக்காரர். 1819இல் 1,000 ரைபிளுக்கு ஒப்பந்தம் வாங்கி, அரசு ஆயுத ஆலை இருந்த ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரியில் ஷெனாண்டோவா ஆற்றங்கரையில் பட்டறை போட்டார். பணம் விழுங்குகிறார், வருடக்கணக்கில் இழுக்கிறார் என்று ஏகப்பட்ட புகார். கடைசியில் ஒரு சோதனைக் குழு போயிற்று. 1827இல் அறிக்கை கொடுத்தார்கள். நூறு ரைபிள்களைக் கழற்றி, பாகங்களையெல்லாம் கலந்து, துப்பாக்கியின் புது மரக்கட்டைகளில் பூட்டிப் பார்த்திருக்கிறார்கள். எல்லாம் சரியாக உட்கார்ந்தன. பிறகு 1828இல், உங்கள் மிடில்டவுனில் இருந்த சிமியோன் நார்த்திடம் அதே ரைபிளைச் செய்யச் சொன்னார்கள். 1834 வாக்கில், நார்த் செய்த பாகம் பல நூறு கிலோமீட்டர் தள்ளி ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரியில் செய்த ரைபிளில் பொருந்தியது. இரண்டு ஊருக்கும் நடுவே போய்வந்தது கேஜ்தான்.

ஹால் தன் ரைபிளுக்கு 63 கேஜ்கள் வைத்திருந்தார். எண்ணிக்கையைவிட, அவற்றை அவர் யோசித்த விதம்தான் பெரிது. ஒரு பாகத்தில் மூன்று துளை போடவேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் துளையை ஓரத்திலிருந்து அளந்து, இரண்டாவதை முதல் துளையிலிருந்தும் மூன்றாவதை இரண்டாவதிலிருந்தும் அளந்தால், ஒவ்வொன்றிலும் நேரும் சின்னப் பிசகு அடுத்ததோடு சேர்ந்துகொண்டே போகும். மூன்றாவது எங்கேயோ நிற்கும். அதனால் பாகத்தில் ஒரே ஒரு இடத்தை நிலையாக வைத்து, எல்லா அளவையும் அங்கிருந்தே எடுக்கச் செய்தார் ஹால். இப்படி யோசித்துச் செய்த செட் என்றால், அதன் கேஜ்கள் பாகத்தின் அதே இடத்தில்தான் முட்டி உட்காரும். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இது தெரியும். ஒன்றை மட்டும் உருவி எடுத்தால் என்ன தெரியும்? ஏதோ பள்ளம் வெட்டிய இரும்புத் துண்டு, அவ்வளவுதான்.

என் பெரியப்பா கோயம்புத்தூரில் மில் இயந்திர பாகங்கள் செய்யும் ஆலை ஒன்றில் இன்ஸ்பெக்ஷனில் இருந்தார். துளையின் அளவைப் பார்க்கிற இரண்டு முனைக் கம்பியான பிளக் கேஜை எப்படிப் பிடிக்கவேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். ‘கோ’ முனை நீளமாக இருக்கும். அது தன் பாரத்திலேயே துளைக்குள் இறங்கவேண்டும், கையால் அழுத்தக் கூடாது. ‘நோ கோ’ முனை குட்டை, கழுத்தில் சிவப்புப் பட்டை. அது துளையின் வாயிலேயே நின்றுவிட வேண்டும். இறங்கினால் அந்த பீஸ் தள்ளுபடி. ரொம்ப நேரம் கையில் வைத்திருந்தால் திட்டுவார், உடம்புச் சூட்டில் அளவு மாறிவிடும் என்பார். ஆட்கள் பயன்படுத்தும் கேஜ் வேறு, இன்ஸ்பெக்டருடையது வேறு. இரண்டும் தேய்ந்ததா என்று பார்க்கிற மாஸ்டர் கேஜ், வாஸ்லின் தடவி பெட்டிக்குள் இருக்கும். அமெரிக்க ஆயுத ஆலைகளில் ஊறிய அதே வழக்கம்தான்.

ஆலையை மூடியபோது மாஸ்டர்களைக் காயலாங்கடைக்குக் கிலோக் கணக்கில் போட்டார்கள். எந்த நம்பர் எதற்கு என்று எழுதிய ரிஜிஸ்டர்கள் பழைய பேப்பர்காரனிடம் போயின. ஞாபகத்துக்கு ஒன்றாவது எடுத்து வந்திருக்கலாமே என்று நான் கேட்டேன். “ஒன்னைய மட்டும் வெச்சுட்டு என்ன பண்றது?” என்றார். அதற்கப்புறம் அந்த ஆலை இருந்த ரோடு வழியாகக்கூட அவர் போகவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், அந்த வியாபாரி பெட்டியைப் பிரிக்க நீங்கள் முதல் ஆளாக நிற்காதீர்கள். அழகான நாலைந்து என்கிறீர்கள். அழகாக இருப்பது அதிகம் புழங்காதது. ஓரம் மழுங்கி, குத்திய எழுத்து பாதி அழிந்து கிடக்கிறதே, அதுதான் தினமும் தொழிலாளி கையில் இருந்தது. எந்த அளவைத் திரும்பத் திரும்பச் சோதித்தார்கள், எங்கே பிசகு வந்துகொண்டே இருந்தது என்பதெல்லாம் அந்தத் தேய்மானத்தில் இருக்கிறது. நீங்கள் நாலை எடுப்பீர்கள். அடுத்தவர் மூன்று. மிச்சம் காலிப் பெட்டி, அதை ஒருவர் தையல் சாமான் போட வாங்குவார். இன்ன பள்ளத்தில் இன்ன கேஜ் இருந்தது என்று சொல்ல அப்புறம் யாரும் இருக்கமாட்டார்கள்.

தேய்ப்பது அதைவிட மோசம். கேஜ் என்றாலே அதன் அளவுதான். எமரி போட்டால் துருவோடு அளவும் போகும். நீங்கள் சட்டத்தில் மாட்டப்போவது எந்தத் துப்பாக்கியையும் அளக்காத ஒரு இரும்பு. இத்தனை ஆசையோடு தேடுகிறவர் இதை யோசிக்காதது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நீங்கள் செய்யவேண்டியது இதுதான். பெட்டியை மூடி திறந்த நிலையிலும், ஒவ்வொரு கேஜையும் அதன் பள்ளத்தில் வைத்தபடியும் படம் எடுங்கள். குத்தியிருக்கும் எழுத்துகளையும் எண்களையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், புரியாவிட்டாலும் சரி. உங்களைப் போன்ற இரண்டு மூன்று பேர் பணம் போட்டு முழுதாக வாங்க முடியுமா என்று கேளுங்கள். முடியாதென்றால் மாசசூசெட்ஸில் ஸ்பிரிங்ஃபீல்ட் ஆர்மரி அருங்காட்சியகம் இருக்கிறது. வெர்மாண்டின் வின்ட்ஸரில், ராபின்ஸ் அண்ட் லாரன்ஸ் ரைபிள் செய்த பழைய கட்டடத்திலேயே அமெரிக்கன் பிரிசிஷன் மியூசியம் இருக்கிறது. இரண்டும் உங்களுக்குக் காரில் போகிற தூரம். வியாபாரி பிரித்து விற்க ஆரம்பிப்பதற்கு முன் அவர்களுக்கு எழுதுங்கள். இந்த வாரமே எழுதுங்கள்.

படங்களை எனக்கும் அனுப்புங்கள். பெட்டி மூடியின் உள்பக்கத்தில் ஏதாவது காகிதம் ஒட்டியிருந்தால் அதைத் தனியாகக் கிட்டத்தில் எடுங்கள்.

அன்புடன்