பொருளும் பொருளும்: வாசகர் கேள்வி–பதில்

அறிவியல் ஒன்றே மனத்தையும் மனித மதிப்புகளையும் வாழ்வின் பொருளையும் விளக்கிவிடுமா என்பதை ஒட்டி வந்த கடிதங்களுள் ஐந்தை இம்முறை எடுத்துக்கொள்கிறேன். தம் பெயரை வெளியிட வேண்டாம் என்று சிலர் கேட்டிருப்பதால் எல்லாருடைய பெயர்களையும் தவிர்த்திருக்கிறேன்.

கேள்வி (பட்டப்படிப்பு மாணவி): அன்பு, துயரம், நீதியுணர்ச்சி எல்லாமே மூளையில் நடக்கும் வேதிவினைகள்தாம் என்று எங்கள் வகுப்பு விவாதத்தில் முடிவாகச் சொல்லப்பட்டது. இன்று விளங்காதவை நாளை விளங்கிவிடும், அறிவியலுக்கு வெளியே விளக்கம் என்று எதுவும் கிடையாது என்று நண்பர்கள் வாதிட்டார்கள். என்னால் அதை மறுக்கவும் முடியவில்லை, மனமார ஏற்கவும் முடியவில்லை. உங்கள் கருத்து என்ன?

பதில்: உங்கள் வகுப்பில் சொல்லப்பட்டதன் பெரும்பகுதி உண்மை என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுவோம். 1848-இல் அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் ரயில்பாதைப் பணியின் மேற்பார்வையாளராக இருந்த பினியஸ் கேஜ், பாறைத் துளையில் வெடிமருந்தைக் கெட்டித்துக்கொண்டிருந்தபோது மருந்து வெடித்து, அவர் கையிலிருந்த இரும்புக் கம்பி இடது கன்னத்தின் வழியே புகுந்து மண்டையோட்டைத் துளைத்துக்கொண்டு மேலே வெளியேறியது. அவர் உயிர் பிழைத்தார். நடக்கவும் பேசவும் அவரால் முடிந்தது. ஆனால் அவருடைய குணம் மாறிவிட்டது என்றும், இவர் பழைய கேஜ் அல்லர் என்று நண்பர்கள் கூறினார்கள் என்றும் அவருக்குச் சிகிச்சையளித்த மருத்துவர் ஹார்லோ பதிவுசெய்தார். ஒருவருடைய இயல்பு என்று நாம் கருதும் பொறுமை, முன்யோசனை போன்ற பண்புகள்கூட மூளைத் திசுவைச் சார்ந்தவை என்பதற்கு அதன்பின் கிடைத்த சான்றுகள் ஏராளம். மூளையை விட்டுத் தனியே உலவும் மனம் ஒன்று உண்டு என்று நம்ப எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

ஆனால் 'வேதிவினைகள்தாம்' என்ற சொல்லைச் சற்றுப் பிரித்துப் பாருங்கள். 'வேதிவினைகள்' என்பது ஆய்வகத்தில் நிறுவப்பட்டது. அதன் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும் 'தாம்' என்ற இடைச்சொல்லோ, இதற்கு மேல் சொல்வதற்கு எதுவும் இல்லை என்று கதவை அடைக்கிறது. அதை எந்த ஆய்வகமும் நிறுவவில்லை. இந்தப் பக்கத்தில் அச்சாகியிருக்கும் 'பொருள்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். தொட்டு எடை போடக்கூடிய சடப்பொருளையும் தமிழில் பொருள் என்கிறோம். ஒரு சொல் உணர்த்துவதையும் பொருள் என்கிறோம். மையையும் தாளையும் ஒரு வேதியியலாளர் எத்தனை நுணுக்கமாக ஆராய்ந்தாலும் அவர் காண்பது முதல்வகைப் பொருளை மட்டுமே. இரண்டாம்வகைப் பொருள் இந்த மொழியைப் பேசுவோரின் பொதுவழக்கில் இருக்கிறது. அதற்காக மைக்குள் ஏதோ மாயம் ஒளிந்திருக்கிறது என்று நாம் நினைப்பதில்லை. வேதியியலாளர் தவறிவிட்டார் என்றும் சொல்வதில்லை. அவர் வேறொரு கேள்விக்கு விடை தேடினார்.

மனத்தின் செய்தி இதைவிடக் கடினமானது. 2006-இல் நரம்பியல் அறிஞர் ஏட்ரியன் ஓவனும் அவருடைய குழுவினரும், சாலை விபத்துக்குப் பிறகு தன்னுணர்வே இல்லை என்று கருதப்பட்ட ஓர் இளம்பெண்ணை மூளைப்படக் கருவிக்குள் வைத்து, டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யுமாறு கேட்டார்கள். நலமுள்ளவர்கள் அவ்வாறு கற்பனை செய்யும்போது மூளையின் எந்தப் பகுதி இயங்குமோ அதே பகுதி அவருக்கும் இயங்கியது. பேசவும் அசையவும் முடியாத ஓர் உடலுக்குள் ஒருவர் இருக்கிறார் என்று அறிவியல் கண்டறிந்த அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. எனினும் அந்த ஆய்வின் உள்கட்டமைப்பைக் கவனியுங்கள். அந்தப் பகுதியின் இயக்கம் ஒரு கற்பனையின் அடையாளம் என்று ஆய்வாளர்கள் எப்படி அறிந்தார்கள்? நலமுள்ள மனிதர்கள் தம் உள்ளத்தில் ஒன்றைக் கற்பனை செய்தார்கள். தாம் செய்தது இன்னது என்பது அவர்களுக்கு உள்ளிருந்தே தெரிந்திருந்தது. மூளையின் வரைபடத்தில் ஊர்ப்பெயர்களை எழுதியவர்கள், அந்த ஊர்களில் வாழ்ந்தவர்கள். அவர்களுடைய சொல்லை நீக்கிவிட்டால் எஞ்சுவது, மூளையில் எங்கோ ரத்த ஓட்டம் கூடியது என்று கருவி காட்டும் தகவல் மட்டும்தான். உள்ளிருந்து அறியப்படும் ஒன்றை முதலில் நம்பிக் கடன் வாங்கிக்கொண்டு, பிறகு அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று அறிவிப்பது முறையாகாது.

மூளையின் இயக்கம் எப்படி நடக்கிறது என்பது ஒரு கேள்வி. அந்த இயக்கத்தோடு வலி என்ற அனுபவம் ஏன் சேர்ந்திருக்கிறது என்பது இன்னொரு கேள்வி. 1995-இல் தத்துவ அறிஞர் டேவிட் சால்மர்ஸ் இரண்டாவதைக் 'கடினமான சிக்கல்' என்று அழைத்தார். நனவுக்கு, அதாவது உள்ளிருந்து உணரும் அனுபவத்துக்கு, அடிப்படையான நரம்பியல் பொறிமுறை இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் தெளிவாகிவிடும் என்று 1998-இல் அவரோடு பந்தயம் கட்டிய நரம்பியல் அறிஞர் கிறிஸ்டாஃப் கோக், 2023-இல் தோல்வியை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். இது அந்தத் துறைக்கு இழுக்கு என்று நான் கருதவில்லை. குறித்த காலத்தில் விடை வரவில்லை என்று மேடையேறிச் சொல்லும் நேர்மை பெரியது. ஒருநாள் விடை வரலாம். வராமலும் போகலாம். 'வந்தே தீரும்' என்பது உங்கள் நண்பர்களின் நம்பிக்கை. நம்பிக்கையை முடிவு என்ற பெயரில் முன்வைப்பதைத்தான் நீங்கள் மறுக்க வேண்டும்.

கேள்வி (மென்பொருள் பொறியாளர்): ஒரு கணினி நிரல் 'எனக்கு வலிக்கிறது' என்று எழுதினால் அதை நம்பலாமா?

பதில்: அந்த வாக்கியத்தை மட்டும் கொண்டு நம்ப இயலாது. மனிதர்களின் சொல்லை நாம் நம்புவதற்கு அடிப்படை, அவர்கள் நம்மைப் போன்ற உடலும் நரம்பும் உடையவர்கள், சொல்லைக் கற்பதற்கு முன்பே அழுதவர்கள் என்பதுதான். நிரலோ, வலியைப் பற்றி மனிதர்கள் எழுதிய கோடிக்கணக்கான வாக்கியங்களிலிருந்து அந்தச் சொல்லைக் கற்றது; எனவே வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது அதே வாக்கியத்தை எழுதக்கூடும். இயந்திரத்துக்கு ஒருபோதும் மனம் வாய்க்காது என்று நான் சொல்லவில்லை. வாய்த்தால் அதைக் கண்டுகொள்ளும் வழி இப்போது நம்மிடம் இல்லை என்பதே எனக்குக் கவலையளிக்கிறது.

கேள்வி (ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்): நன்மை என்பது உணர்வுள்ள உயிர்களின் நலவாழ்வு, நலவாழ்வை அளக்க முடியும், ஆகவே அறமும் காலப்போக்கில் அறிவியலின் ஒரு கிளையாகிவிடும். இந்த வாதத்தில் எனக்குக் குறை தெரியவில்லை. உங்களுக்குத் தெரிகிறதா?

பதில்: ஐயா, இதே வாதத்தை அமெரிக்க எழுத்தாளர் சாம் ஹாரிஸ் 2010-இல் ஒரு நூலாகவே எழுதினார். மதிக்கத்தக்க வாதம். ஆனால் அதன் முழுச் சுமையும் முதற்படியில் இருக்கிறது. 'நன்மை என்பது நலவாழ்வு' என்பதை எந்தக் கருவியால் அளந்தோம்? அது அளந்து கண்டது அன்று, நாம் தேர்ந்தெடுத்துக்கொண்டது. உள்ளதைப் பற்றிய வாக்கியங்களிலிருந்து, செய்ய வேண்டியதைப் பற்றிய வாக்கியத்துக்கு நூலாசிரியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் தாவிவிடுவதைத் தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம் 1740-இலேயே கவனித்து, அந்தத் தாவலுக்குக் காரணம் கேட்டார். அவர் கேட்டது இன்றும் நிலுவையில் இருக்கிறது.

பெரியம்மை ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார அமைப்பு 1980-இல் அறிவித்தது. மனிதகுலத்தின் மிகப் பெரிய சாதனைகளில் ஒன்று அது. அறிவியல் இல்லாமல் அது கைகூடியிருக்காது. ஆனால் அந்த நோயின் வைரஸ் இன்னும் இரண்டு ஆய்வகங்களில் பாதுகாக்கப்படுகிறது: ஒன்று அமெரிக்காவின் அட்லாண்டாவில், மற்றொன்று ரஷ்யாவின் கோல்ட்சோவோவில். அதை அழித்துவிடலாமா என்ற விவாதம் பல்லாண்டுகளாக நடக்கிறது. வைரஸ் வெளியேறும் வாய்ப்பு எவ்வளவு, அதை வைத்து என்னென்ன மருந்துகளைச் சோதிக்கலாம் என்பவற்றையெல்லாம் ஆய்வாளர்கள் சொல்லக்கூடும். இன்னும் பிறக்காதவர்களின் மீது எவ்வளவு ஆபத்தைச் சுமத்த நமக்கு உரிமை உண்டு என்பதை எந்த ஆய்வுக்கூடத்திடம் கேட்பது? ஒரே தரவைக் கையில் வைத்திருக்கும் இரு நேர்மையான அறிஞர்கள் இங்கே வேறுபடலாம். அந்த வேறுபாடு கூடுதல் தரவால் சுருங்கும், முற்றிலும் மறைந்துவிடாது.

இன்னொரு நிகழ்ச்சி, நினைக்கும்போதே நெஞ்சைச் சுடுவது. 1932 முதல் 1972 வரை அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை, அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில், மேகப்புண் நோய் கண்ட 399 கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சை தராமல் நோய் எப்படி முற்றுகிறது என்று கவனித்துக் குறித்துக்கொண்டே இருந்தது. 1940-களின் பிற்பகுதியில் பென்சிலின் அந்நோய்க்கு உரிய மருந்தாக ஏற்கப்பட்ட பின்னும் அவர்களுக்கு அது கொடுக்கப்படவில்லை. தரவு சேர்ந்தது, அறிக்கைகள் வெளிவந்தன; நிறுத்து என்று அந்தத் தரவின் எந்த வரியும் சொல்லவில்லை. அதே துறையில் பணியாற்றிய பீட்டர் பக்ஸ்டன் 1966 முதல் உள்ளேயே எதிர்ப்புத் தெரிவித்துப் பயனில்லாமல், 1972-இல் செய்தியாளர்களிடம் கொண்டுசென்ற பிறகே அது நின்றது. மற்றவர்கள் அறியாத அறிவியல் உண்மை எதுவும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அவர்கள் பார்த்த அதே தாள்களைப் பார்த்தார். அதில் மனிதர்களைக் கண்டார்.

அறவுணர்ச்சியைப் பரிணாமம் தந்தது, ஆகவே பரிணாமமே அதற்கு விளக்கம் என்று சொல்வோரும் உண்டு. உறவினருக்காக உயிர்கள் தியாகம் செய்வது எவ்வாறு இயற்கைத் தேர்வில் நிலைத்திருக்க முடியும் என்பதை 1964-இல் உயிரியலாளர் வில்லியம் ஹாமில்டன் கணித வடிவில் காட்டினார், அழகான விளக்கம். ஆனால் தன் கூட்டத்தின் மீதான பாசத்தைப் போலவே அயலார் மீதான ஐயமும் நம் பரிணாம வரலாற்றில் வேர் கொண்டதாக இருக்கலாம். இரண்டும் ஒரே தோட்டத்தில் முளைத்திருந்தால், எதற்கு நீர் ஊற்றுவது, எதைக் களைவது என்று தோட்டத்தின் வரலாறு சொல்லாது.

இதற்கு எதிர்ப்பக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். உண்மை அறியப்படும்போது மதிப்புகள் மாறுகின்றன. 1873-இல் நார்வே மருத்துவர் ஆர்மவர் ஹான்சன் தொழுநோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டபின், அந்நோய் பாவத்தின் சம்பளம் என்று சொல்லி நோயாளிகளை ஒதுக்கிவைத்தவர்களின் காலடி நிலம் சரிந்தது. ஒதுக்கல் உடனே நின்றுவிடவில்லை என்பதும் உண்மை. நோயாளியின் கையைப் பிடிக்கத் துணிந்த மனிதர்களும் தேவைப்பட்டார்கள். ஆயினும் ஹான்சனின் நுண்ணோக்கி இல்லாவிட்டால் அந்தத் துணிவு இன்னும் அரிதாகவே இருந்திருக்கும். ஆகவே அறிவியல் அறத்துக்கு வேண்டும் என்பதில் உங்களோடு முழுவதும் உடன்படுகிறேன். 'ஒன்றே போதும்' என்பதில்தான் பிரிகிறேன். உங்கள் மாணவர் ஆய்வேட்டில் பொய்யான அளவீட்டை எழுதியிருந்தால் நீங்கள் கண்டித்திருப்பீர்கள். அந்தக் கண்டிப்புக்கு ஆதாரமான நேர்மை, எந்தச் சோதனைக்கும் முன்னால் சோதனைச்சாலைக்குள் வந்து நின்றுவிட்டது.

கேள்வி (இல்லத்தரசி): அப்படியானால் அறிவியலால் விளக்க முடியாததை ஆன்மிகம் விளக்கிவிடும் என்று ஒப்புக்கொள்கிறீர்களா?

பதில்: இல்லை. ஒரு கேள்விக்கு ஒருவரிடம் விடை இல்லை என்பதால் அடுத்தவரிடம் இருக்கிறது என்று ஆகாது. சமய மரபுகளிலும் கவிதையிலும் மெய்யியலிலும் வாழ்ந்து பெற்ற ஞானம் நிறைய உண்டு, அதை மதிக்கிறேன். ஆனால் உலகம் எப்படி இயங்குகிறது என்று யார் ஒரு கூற்றைச் சொன்னாலும், அது சான்றுக்கு முன் நின்றே ஆக வேண்டும். நனவு விளங்கவில்லை என்ற வாக்கியத்தைக் காட்டி நோய்க்கு மந்திரம் விற்பவரை நம்பி மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி (பெயர் குறிப்பிடாத ஒரு தந்தை): என் மகனுக்கு வானியலில் ஆர்வம் இருந்தது. இருவரும் சேர்ந்து மொட்டைமாடியில் விண்மீன் பார்ப்போம். சென்ற ஆண்டு அவன் இறந்துவிட்டான். 1,380 கோடி ஆண்டு வயதுடைய பிரபஞ்சத்தில் பத்தொன்பது ஆண்டுகள் எம்மாத்திரம்? எதற்கும் பொருள் இல்லை என்பதைத்தான் அறிவியல் காட்டுகிறதா? உறக்கம் வந்து பல மாதங்கள் ஆகின்றன.

பதில்: உங்கள் கடிதத்தை உடனே மூடிவைக்க முடியவில்லை. தெரிந்த அளவில் சொல்கிறேன்.

எதற்கும் பொருள் இல்லை என்று அறிவியல் சொல்லவில்லை. இயற்பியலின் சமன்பாடுகளில் 'பொருள்' என்று ஓர் உறுப்பு கிடையாது. 'பொருளின்மை' என்ற உறுப்பும் கிடையாது. தொலைநோக்கி பிரபஞ்சத்தின் வயதையும் பரப்பையும் காட்டும். அவற்றைக் கண்டு 'எம்மாத்திரம்' என்று கேட்டது தொலைநோக்கி அன்று, துயரத்தில் இருக்கும் ஒரு தந்தை. பிரபஞ்சம் நூறு ஆண்டு வயதுடையதாகவும் ஒரு வீட்டின் அளவினதாகவும் இருந்திருந்தால் உங்கள் மகனின் பத்தொன்பது ஆண்டுகள் இதைவிட மதிப்புள்ளவை ஆகியிருக்குமா? ஆகியிருக்காது என்றே நீங்களும் சொல்வீர்கள். அப்படியானால் அளவு பெரிதாக இருப்பதால் அவை மதிப்பிழக்கவும் முடியாது. நீளத்தைக் கொண்டு நிறுக்க முடியாத ஒன்றை நீளத்தால் நிறுத்துப் பார்த்திருக்கிறோம்.

நீங்கள் இருவரும் சேர்ந்து பார்த்த வானில், வெறுங்கண்ணுக்குத் தெரியும் ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலத்தின் ஒளி சுமார் 25 லட்சம் ஆண்டுகளுக்கு முன் புறப்பட்டது. அந்தத் தொலைவில் எதுவும் அந்தப் பையனை அறியாது என்பது உண்மைதான். அவன் யாரால் அறியப்பட்டான், யாரால் நேசிக்கப்பட்டான் என்பது மொட்டைமாடியில் நடந்த செய்தி. அங்கே இருந்தவர் நீங்கள். அது நடந்தது. நடந்தது நடக்காததாக இனி ஆக முடியாது. அண்டம் குளிர்ந்து ஒளியற்றுப் போனாலும் அதை மாற்ற இயலாது.

உறக்கமின்மையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். மாதக்கணக்கில் உறங்காத மூளை நோயுற்ற மூளை. அதற்கு உதவ மருத்துவர்களுக்குத் தெரியும். ஒரு மாத்திரையால் உறக்கம் திரும்பிவிட்டால், 'அப்படியானால் என் துயரம் வெறும் வேதிவினைதானா' என்ற எண்ணம் உங்களுக்கு எழக்கூடும். அந்த மாத்திரை உங்கள் உடலுக்கு ஓய்வு தரும். உங்கள் மகனைப் பற்றி அது எதுவும் சொல்லாது.