சிங்கப்பூர் வேலை பாஸ் வந்ததும் முதல்ல நூலகத்துல பேர் பதிஞ்சிருங்க

தம்பி, ஊர்லருந்து வர்றவங்ககிட்ட புத்தகம் குடுத்து விடச் சொல்றதா, இல்ல இங்க தேக்கா (லிட்டில் இந்தியா) கடையிலயே வாங்கிக்கிறதா, மாசம் எவ்ளோ ஒதுக்கணும்னு கேட்டிருந்தீங்க. ரெண்டுமே இப்போதைக்கு வேணாம். வாடகை ரூம்ல புத்தகம் அடுக்க எங்க இடம் இருக்கு, வீடு மாறுறப்பல்லாம் அதையும் தூக்கிக்கிட்டு அலையணும். என்எல்பியில, அதாவது தேசிய நூலக வாரியத்துல, மெம்பர் ஆயிடுங்க, போதும்.

ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன். சிட்டிசனுக்கு ஃப்ரீ, வேலை பாஸ்ல இருக்கவங்க வருஷக் கட்டணம் கட்டணும், இதப் பாத்துட்டே நம்ம ஆளுங்க நிறைய பேரு அப்படியே விட்டுடறாங்க, எனக்கு அதுதான் வருத்தமா இருக்கும். கடையில சில நாவல் வாங்குற காசுதான் அது. மெம்பர் ஆயிட்டா ஒரே நேரத்துல 16 புத்தகம் எடுக்கலாம், 21 நாள் வெச்சுக்கலாம், வேற யாரும் ரிசர்வ் பண்ணலேன்னா இன்னொரு 21 நாளைக்கு ரினியூ பண்ணிக்கலாம். சும்மா உக்காந்து படிக்கிறதுக்கு மெம்பரே ஆக வேணாம், யாரு வேணா உள்ள போலாம்.

உங்க பொண்ணுக்கு நாலு வயசுன்னு சொன்னீங்கல்ல, எனக்குக் கேட்டா இந்தக் கட்டணத்த அவளுக்காகவே கட்டலாம். படக்கதை புத்தகத்த அஞ்சு நிமிஷத்துல முடிச்சுட்டு அடுத்தது எங்கன்னு நிப்பாங்க, அத காசு குடுத்து வாங்கிக் கட்டுப்படியாகாது. அந்த 16ல பத்து அவளுக்கு எடுங்க. இங்க பாலர் பள்ளிக்குப் போக ஆரம்பிச்சாலே பிள்ளைங்க வீட்லயும் இங்கிலீஷ்ல பேச ஆரம்பிச்சுடும், நாம தமிழ்ல கேட்டாலும் பதில் இங்கிலீஷ்லதான் வரும், அதுக்கு முன்னாடியே ராத்திரி ஒரு தமிழ்க் கதை வாசிக்கிற பழக்கத்த ஏத்தி விட்டுருங்க. அவளையே கூட்டிட்டுப் போங்க, தமிழ்ப் பிள்ளைங்க அலமாரியக் காட்டி விட்டா தரையில உக்காந்து அவளே பொறுக்கி எடுப்பா. அப்புறம் என்எல்பி ஆப்பைத் திறந்து புத்தகத்து பார்கோடு மேல ஃபோனைக் காட்டுனா இரவல் பதிவாயிடும், வரிசையில நிக்க வேணாம். அந்த ஸ்கேன் பண்ற வேலைய அவகிட்டயே குடுங்க, பிள்ளைங்களுக்கு அதுல ரொம்ப சந்தோஷம்.

எந்தக் கிளையில எடுத்தாலும் எந்தக் கிளையிலயும் திருப்பிப் போடலாம், எம்ஆர்டி ரயில் ஸ்டேஷன் பக்கத்துல எது இருக்கோ அங்க போட்டுட்டுப் போயிடுங்க. தேதிய மட்டும் விட்டுடாதீங்க, ஒரு புத்தகத்துக்கு ஒரு நாளைக்கு 15 காசு அபராதம்னா சின்னதாத் தெரியும், 16ம் தாமதமாச்சுன்னா ஒரு நாளைக்கு 2.40 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). லிபி (Libby) ஆப்ல எடுக்குற மின்னூல்னா தேதி முடிஞ்சதும் அதுவாவே போயிடும், அபராதமே கிடையாது.

நீங்க இருக்குற பேட்டையோட கிளை நூலகத்துல தமிழ் அலமாரி சின்னதாத்தான் இருக்கும், சீக்கிரம் முடிஞ்சிடும். அப்ப அங் மோ கியோவுக்கோ பூகிஸ் பக்கத்துல விக்டோரியா ஸ்ட்ரீட்ல இருக்குற தேசிய நூலகத்துக்கோ போங்க. அங்க மேல் தளங்கள்ல லீ கொங் சியான் ஆய்வு நூலகம் இருக்கு, வீட்டுக்கு எடுத்துட்டுப் போக முடியாது, ஆனா ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க உக்காந்து படிக்கலாம்.

பாஸ் கைக்கு வர்ற வரைக்கும் சும்மா இருக்காதீங்க. 1965லருந்து அம்பது வருஷத்து சிங்கப்பூர்த் தமிழ் இலக்கியத்துல சுமார் 350 புத்தகத்த மின்னாக்கம் பண்ணி 2015ல வெளியிட்டாங்க, என்எல்பியோட புக்எஸ்ஜி தளத்துல இருக்கு. வந்து சேந்த ஊரப் பத்தி இங்கயே வாழ்ந்த தமிழங்க எழுதுனது, சிறுகதையிலருந்து ஆரம்பிங்க.