நெதர்லாந்தில் பூஞ்சை படித்தவருக்கு வேலை உண்டா?

சகோதரி, தாவரவியலில் எம்.எஸ்சி. முடித்து, பூஞ்சையில் புராஜெக்ட் செய்துவிட்டு, கணவரோடு ஐந்தோவன் வந்திருக்கிறீர்கள். சுற்றியிருப்பவர்கள் எல்லாரும் ஐ.டி. கோர்ஸ் சேரச் சொல்கிறார்கள், பூஞ்சையை நம்பி இங்கே பிழைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். தயவுசெய்து அவசரப்பட்டுத் துறையை விட்டுவிடாதீர்கள்.

உட்ரெக்ட்டில் வெஸ்டர்டைக் என்ற பூஞ்சை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 1 லட்சத்துக்கும் மேற்பட்ட பூஞ்சை மாதிரிகளை உறையவைத்தும் உலர்த்தியும் உயிரோடு காத்து வருகிறார்கள். அதற்குப் பெயர் தந்த யோஹன்னா வெஸ்டர்டைக் 1917-இல் இந்நாட்டின் முதல் பெண் பேராசிரியர் ஆனவர். எல்ம் மரங்களைக் கொன்றது ஒரு பூஞ்சைதான் என்று கண்டறிந்தவர்களும் அவரிடம் படித்த பெண்களே.

அது பழைய கதை என்றால், இன்றைய தேவைக்கு ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபூமிகேட்டஸ் என்ற பூஞ்சையைப் பாருங்கள். பயிரைக் காக்கத் தெளிக்கும் அசோல் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்தும், நுரையீரலில் இந்தப் பூஞ்சை பிடித்த நோயாளிக்குக் கொடுக்கும் அசோல் மருந்தும் ஒரே குடும்பம். துலிப் போன்ற பூக்களின் கிழங்குக் கழிவு மக்கும் குவியலில் மருந்தின் மிச்சம் இருக்கும். குவியல் மக்கும்போது எழும் சூட்டிலும் செழித்து வளரும் இந்தப் பூஞ்சை, மருந்துக்கு அசராமல் இருக்கப் பழகிக்கொள்கிறது. பிறகு அதன் வித்துகள் காற்றில் பறந்து, எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களின் மூச்சில் போகின்றன. அதனால்தான் வயல், ஆஸ்பத்திரி இரண்டிலும் பூஞ்சை தெரிந்தவர்களைத் தேடுகிறார்கள். எனக்கு இதைவிட முக்கியமான வேலை எதுவும் தோன்றவில்லை.

அப்புறம், இங்கே பிஎச்.டி. என்பது பெரும்பாலும் சம்பள வேலை. நாலு வருஷம், வரிக்கு முன் மாதம் 3000 யூரோ வாக்கில் வரும். ஃபெலோஷிப்புக்குக் காத்திருக்க வேண்டாம், வேலைக்கு விண்ணப்பிப்பதுபோல விண்ணப்பியுங்கள். கணவர் உயர்திறன் பணியாளர் அனுமதியில் வந்திருந்தால், நீங்கள் வேலை பார்க்கத் தனி அனுமதி தேவையில்லை. உங்கள் குடியிருப்பு அட்டையின் பின்பக்கம் பாருங்கள், எழுதியிருக்கும்.

விண்ணப்பத்தில் மதிப்பெண்ணைவிடக் கைவேலையை முன்னால் வையுங்கள். லாக்டோஃபீனால் காட்டன் புளூ என்ற சாயத்தில் ஸ்லைடு போட்டு, பெனிசிலியம் பூஞ்சையின் விளக்குமாறு போன்ற நுனியைப் பார்த்ததும் அடையாளம் சொல்வீர்கள் என்றால், அதை வெளிப்படையாக எழுதுங்கள். டி.என்.ஏ. வரிசை படிக்கப் பலருக்குத் தெரியும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்துச் சொல்கிறவர்கள் குறைவு. இரண்டும் தெரிந்தால் கையோடு எடுத்துக்கொள்வார்கள்.

ஆராய்ச்சிக் கூடத்தில் ஆங்கிலம் போதும். ஆஸ்பத்திரி லேப் வேலைக்கு டச்சு கண்டிப்பாக வேண்டும், அந்த வகுப்பில் இந்த மாதமே சேர்ந்துவிடுங்கள்.