வில்லுப்பாட்டா, விற்பாட்டா, வில்லிசையா?

கேள்வி: எங்கள் ஊர் சுடலைமாடசாமி கோயில் கொடைக்கு (திருவிழாவுக்கு) நோட்டீஸ் அடிக்கிறோம். 'வில்லிசை' என்று சிலர், 'வில்லுப்பாட்டு' என்று சிலர். இலக்கணப்படி 'விற்பாட்டு' என்கிறார் ஒருவர். எதைப் போடலாம்?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: 'வில்லுப்பாட்டு' என்றே போடுங்கள். நெல்லும் பயிரும் சேர்ந்து நெற்பயிர் ஆவதுபோல், வில்லும் பாட்டும் நேராகச் சேர்ந்தால் விற்பாட்டுதான். ஆனால் நம் பேச்சில் கல் கல்லு, பல் பல்லு, வில் வில்லு. அந்த உகரத்தோடுதான் பெயர் நிலைத்தது. பாடுகிறவர்கள் வாயில் பிறந்த பெயர் அது, அதைத் திருத்த வேண்டியதில்லை. 'வில்லால் பாடும் பாட்டு' என விரிவதால் ப் மிகும். அச்சில் விட்டுப்போவதும் அந்த 'ப்'தான், புரூஃபில் கவனியுங்கள்.

வில்லிசையும் பிழையன்று. தனிக்குறிலை அடுத்த ஒற்று உயிர் வந்தால் இரட்டும் என்ற விதிப்படி வந்தது. 2021-ல் பத்மஸ்ரீ பெற்ற நெல்லைக்காரர் சுப்பு ஆறுமுகத்தை 'வில்லிசை வேந்தர்' என்றே அழைத்தார்கள். கோயில் கொடைக்கு மட்டும் வில்லுப்பாட்டே பொருத்தம்.

கேள்வி: 'வில்லடிச்சான் பாட்டு' என்கிறார்களே, வில்லை மீட்டுவதில்லையா?
– வாசகி, தென்காசி

பதில்: இல்லை, அடிப்பதுதான். இந்தப் பெயர் வேலையை அப்படியே சொல்கிறது. வில்லின் நடுப்பகுதியைக் குடத்தின் கழுத்தோடு இறுக்கிக் கட்டுவார்கள். நாண் மேலே இருக்கும். வீசுகோல் இரண்டால் நாணைத் தட்ட, வில்லில் கட்டிய மணிகள் குலுங்கும். நாணுக்குச் சுருதி கிடையாது, தாளமே அதன் வேலை. நாண் தளர்ந்தால் கோல் துள்ளித் திரும்பாது. மணியோசை தாளத்துக்குப் பின்தங்கும். குடத்துக்கட்டு நெகிழ்ந்தால் வில் ஆடும். குடத்தின் வாயில் தட்டையான மட்டையால் அடிக்கும்போது உள்ளே உள்ள காற்று அதிர்ந்து 'கும்'மென்று எழும். மயிரிழைக் கீறல் இருந்தாலும் அந்தக் கார்வை (நீண்டொலிக்கும் ஓசை) போய்விடும். வாங்கும்போதே விரல்முட்டியால் சுற்றிலும் தட்டிப் பாருங்கள், கணீரென்று கேட்க வேண்டும்.

கேள்வி: கொடைகளில் கணியான் சமூகத்தார் நடத்தும் கணியான் கூத்தை 'மகுடாட்டம்' என்பது தலையில் மகுடம் சூடுவதாலா?
– வாசகர், சங்கரன்கோவில்

பதில்: அல்ல. மகுடம் என்பது ஒரு முகத்தில் தோல் போர்த்திய வட்டப்பறை. உச்சம், மந்தம் என இரண்டு வாசிப்பார்கள். ஈரக்காற்றில் தோல் தளர்ந்து ஒலி மங்கும். நெருப்பில் காட்டித் தோலை இறுக்கிக்கொண்டே வாசிப்பதைக் கொடையில் பார்க்கலாம்.