நிலத்தை உயிராக மதிக்கும் மக்கள் வாழும் கற்பனை உலகம் ஒன்றை நம்பும்படி எழுதுவது எப்படி?

மூன்று வருடமாக இப்படி ஒரு உலகத்தைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் வரைவில் ஒளிவிடும் மரங்கள் இருந்தன, காடு பேசியது, எல்லோரும் கூடிப் பாடினார்கள். ஆனால் அந்த மக்களில் ஒருவர்கூட நிலத்தோடு கோபித்துக்கொள்ளவில்லை, அதற்குக் கடன்படவில்லை. பிறகு எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி தொடங்கினேன். வழிபாட்டை எழுதாதீர்கள், உறவை எழுதுங்கள் என்பதுதான் என் பதில்.

எனக்கு இது புரிந்தது அம்மம்மாவால். யாழ்ப்பாணத்தில் அவர் வளவில், வேப்பமரத்தடியில் ஒரு சூலம் நட்டிருக்கும். அதுதான் வைரவர். கூரை இல்லை, பூசைக்கு ஐயர் வருவதும் இல்லை. வளவில் எங்காவது மண்ணைத் தோண்டுவதென்றால் முதலில் அம்மம்மா அங்கே போய் நிற்பார். "வைரவா, கிணத்தடிப் பக்கம் குழி ஒண்டு வெட்டப் போறம், குறை நினைக்காதை" என்பார். பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லும் அதே குரல்தான். ஒருமுறை வடைமாலை சாத்துவதாக நேர்ந்துவிட்டு மாதக்கணக்கில் தள்ளிப்போட்டார். வீட்டில் எனக்குக் காய்ச்சல் வந்ததும் அடுப்பில் எண்ணெய்ச் சட்டியை வைத்துக்கொண்டே, "கடன் கிடக்குது, அதுதான்" என்றார். அந்த ஒரு வரியில் இருக்கும் நம்பிக்கை என் முதல் வரைவு முழுவதிலும் இருக்கவில்லை.

நற்றிணையின் 172ஆம் பாடலும் இதையேதான் செய்கிறது. விளையாட்டாக மணலில் புதைத்து மறந்த புன்னை விதை முளைத்துவிடுகிறது. அதைப் பாலும் நெய்யும் ஊற்றி வளர்க்கிறார்கள். இது உன்னோடு கூடப்பிறந்தவள் என்று தாய் சொல்லி வைத்ததால், அந்த மரத்தடியில் காதலனோடு சிரித்துப் பேச அந்தப் பெண் வெட்கப்படுகிறாள். மரம் புனிதமானது என்று பாட்டில் எங்கும் சொல்லப்படவில்லை. அந்த வெட்கமே போதும்.

அப்புறம், வில்லன். நிலத்தைப் பறிக்க வருபவன் பேராசைக்காரனாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். இங்கே இலங்கையின் பழங்குடிகளான வேடர்களின் கதையைப் பாருங்கள். இறந்துபோன உறவினர்களை 'நே யக்கு' என்று அழைத்துக் காப்புக் கேட்கும் மக்கள் அவர்கள். அவர்கள் வேட்டையாடிய காட்டின் பெரும்பகுதி 1983இல் மாதுரு ஓயா தேசியப் பூங்காவானது. காட்டைக் காப்பதற்கான சட்டமே அவர்கள் வேட்டையைக் குற்றமாக்கியது. பலர் வேறிடத்தில் குடியேற்றப்பட்டார்கள். தம்பானை என்ற வேடர் ஊரின் தலைவர் திசாஹாமி போக மறுத்து அங்கேயே இருந்தார். இரு பக்கமும் காட்டையே காக்க நினைக்கிறார்கள், ஆனாலும் ஒரு பக்கம் வீட்டை இழக்கிறது. இதைவிடக் கனமான மோதல் கற்பனையில் எனக்குக் கிடைக்கவில்லை.

என் உலகம் ஒரு சதுப்பு நிலம். கொழும்பில் இருப்பவனுக்கு அது இயல்பாக வந்தது. ஈரநிலங்களைக் காப்பதற்கான ராம்சார் என்ற சர்வதேச உடன்படிக்கையின் கீழ், 2018இல் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் பெற்ற ஊர் இது. 2016 மே மாதம் களனி கங்கை பெருகி வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பக்கம் வீடுகள் மூழ்கியபோதுதான், மழைத்தண்ணீரை வாங்கி வைத்துக்கொள்ளும் சேற்று நிலங்களை மண் போட்டு நிரப்புவது என்றால் என்ன என்று எனக்கு உறைத்தது. சில ஞாயிறு காலைகளில் பெத்தகான ஈரநிலப் பூங்காவின் மரப்பாதையில் நின்று கீழே பார்ப்பேன். சேற்றில் குமிழி ஒன்று மெல்ல எழும்பி உடையும். அது மூச்சு விடுகிறது என்று எண்ண எந்த மந்திரமும் வேண்டாம்.

என் கதையில் வெள்ளம் ஒரு கிழவியின் நெற்களஞ்சியத்தைக் கொண்டுபோகிறது. நாள்தோறும் முதல் மீனைச் சேற்றுக்குக் கொடுத்துவந்தவள், மூன்று நாள் கொடுக்காமல் இருக்கிறாள். ஊரே பயப்படுகிறது. நாலாம் நாள் போய், திட்டிக்கொண்டே மீனை வைத்துவிட்டு வருகிறாள். வாசித்த நண்பர்கள் எல்லோரும் அந்தக் கிழவியைப் பற்றித்தான் கேட்கிறார்கள்.

சரி, எங்கே தொடங்குவது? உங்கள் உலகத்தில் ஒருவன் கிணறு வெட்டப் போகிறான். யாரிடம் கேட்கிறான், கேட்காமல் வெட்டினால் அயலட்டை என்ன கதைக்கும், அவன் மனைவி அன்று இரவு அவனிடம் என்ன சொல்வாள்? இந்தக் காட்சியை முதலில் எழுதுங்கள். தெய்வத்தின் பெயரும் உலகம் பிறந்த கதையும் பிறகு வரட்டும்.