பைத்தானில் இருந்து ஆட்டோகேடை இயக்கும்போது ‘அழைப்பு நிராகரிக்கப்பட்டது’ என்று ஏன் வருகிறது?

ஒரே ஸ்கிரிப்ட் ஒருமுறை கடைசிவரை ஓடுகிறது, அடுத்த முறை பாதியில் நின்றுவிடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் நிரலில் தப்பு இருக்க வாய்ப்பு குறைவு. வரைபட மென்பொருளான ஆட்டோகேட் தனி புராசஸ், பைத்தான் தனி புராசஸ், ஒவ்வொரு காம் அழைப்பும் (COM, விண்டோஸில் ஒரு புரோகிராம் இன்னொன்றை இயக்கும் வழி) இந்த இரண்டுக்கும் நடுவே போய் வருகிறது. அந்த நேரம் பார்த்து ஆட்டோகேட் பெரிய ஃபைல் ஒன்றைத் திறந்துகொண்டிருந்தாலோ, யாராவது ஒரு கட்டளையைப் பாதியில் விட்டிருந்தாலோ, ஏதோ ஒரு டயலாக் பெட்டி திறந்தே கிடந்தாலோ அழைப்பைத் திருப்பி அனுப்பிவிடும். நீங்கள் பார்க்கிற -2147418111 என்ற எண் அதுதான்.

நானும் முதலில் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் அரை நொடி ஸ்லீப் போட்டுப் பார்த்தேன். சின்ன வரைபடத்தில் ஓடியது, பெரியது வந்ததும் மறுபடி நின்றது. எவ்வளவு நேரம் போதும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதற்குப் பதில் அழைப்புகளை ஒரு சின்ன ஃபங்ஷன் வழியாக அனுப்புங்கள்: இந்த எண் வந்தால் மட்டும் கொஞ்சம் பொறுத்து மறுபடி கூப்பிடட்டும், வேறு பிழை என்றால் உடனே நிற்கட்டும். நிராகரிக்கப்பட்ட அழைப்பு ஆட்டோகேடுக்குள் ஓடியிருக்காது, அதனால் வரைபடத்தில் ஒரே கோடு இரண்டு முறை விழுமோ என்ற பயம் வேண்டாம். ஆனால் எத்தனை முறை என்று ஒரு வரம்பு வையுங்கள், டயலாக் பெட்டியை யாராவது மூடும்வரை எத்தனை முறை கூப்பிட்டாலும் பதில் வராது. எல்லாப் பிழையையும் விழுங்குகிற எக்ஸெப்ட் மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள், அப்படி எழுதியதால் பாதி பிளாக்குகளில் (ஒரே பொருளாகச் சேர்த்து வைத்த வரைவுகள்) அட்ரிபியூட், அதாவது அவற்றோடு வரும் எழுத்து விவரம், மாறாமலேயே ஒரு வரைபடத்தை நான் அனுப்பிவிட்டேன்.

அப்புறம், ஆட்டோகேட் கட்டளையை எழுத்தாக அனுப்பும் சென்ட்கமாண்ட் மெத்தட். அது கட்டளையைக் கொடுத்துவிட்டு, முடியும்வரை காத்திராமல் திரும்பிவிடலாம், உங்கள் அடுத்த வரி நேராகப் போய் முட்டும். கோடு, வட்டம், பிளாக் எல்லாவற்றுக்கும் ஆட்லைன், ஆட்சர்க்கிள், இன்செர்ட்பிளாக் என்று நேரடி மெத்தட் இருக்கும்போது அது எதற்கு? புள்ளிகளை மட்டும் சாதாரண லிஸ்டாகக் கொடுக்காமல் டபுள் அரே (தசம எண்களின் வரிசை) கொண்ட வேரியன்டாக, அதாவது காமுக்குப் புரியும் மதிப்பு வகையாக, மாற்றிக் கொடுங்கள், கோணம் ரேடியனில்.

அழைப்புகளின் எண்ணிக்கையையும் குறையுங்கள். லூப்புக்குள் ஒவ்வொரு முறையும் ஆக்டிவ்டாக்குமென்ட் (திறந்திருக்கும் வரைபடம்), மாடல்ஸ்பேஸ் (அதில் வரையும் இடம்) என்று முழுச் சங்கிலியையும் எழுதினால் அது ஒவ்வொன்றும் தனித்தனிப் பயணம், ஒரு வேரியபிளில் ஒருமுறை பிடித்து வைத்தாலே வேகம் நன்றாகத் தெரியும்.

சரி, ஸ்கிரிப்ட் தொடங்கும் முன் ஆட்டோகேடின் நிலையைத் தரும் கெட்அகேட்ஸ்டேட் கூப்பிட்டு அதில் இஸ்குவயசென்ட் (சும்மா இருக்கிறதா என்பது) ட்ரூவா என்று பாருங்கள். இல்லையென்றால் ஆட்டோகேட் இன்னும் வேலையில் இருக்கிறது. இந்த அழைப்பும் நிராகரிக்கப்படலாம், ஆகவே இதையும் அதே ஃபங்ஷன் வழியாகவே அனுப்புங்கள்.